பேர் வெட்டிய தட்டு

அம்மாவுக்கு சுதாகர் எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வந்தவாசி அத்தையிடம் எனக்கு மஞ்சள் காமாலை என்றாயாமே. எனக்கு இருப்பது எச்.ஐ.வி.

போன வாரம் இங்கே பெங்களூரில் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். மாத்திரையால் கிருமி அடங்கிவிட்டது. "ஆம்பளையோட ஆம்பளை பழகுற சின்னப் பசங்க இப்போ நிறைய வர்றாங்க. வீட்டுக்குப் பயந்துகினு, முத்தினப்புறம்தான் வர்றாங்க" என்றார் வேலூர்க்கார டாக்டர். எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஒரே தட்டில் சாப்பிட்டால் இந்த நோய் ஒட்டாது என்று எத்தனை முறை சொன்னேன்? நீயோ ஆரணி பாத்திரக் கடைக்குப் போய், ஒரு தட்டில் என் பேரை வெட்டி வாங்கி வந்தாய். "வேற யாரும் இதுல துன்னுடக் கூடாது" என்றாய்.

பொங்கலுக்கு வருகிறேன். வடகம் தாளித்துக் கத்தரிக்காய்க் குழம்பு வை. என்னோடு வாழும் தமிழ்செல்வனும் வருகிறான். அவனை ரூம்மேட் என்று அத்தையிடம் சொல்லிவைக்காதே. அவனுக்கு இந்த நோய் இல்லை. ஆனாலும் அதே கடையில் அவன் பேரையும் ஒரு தட்டில் வெட்டி வாங்கி வை. கூடத்தில், எல்லோருக்கும் நடுவில், இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத்தான் சாப்பிடப்போகிறோம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

சுதாகர்