என் தோள்மேல் இருக்கும் உங்கள் கை

என் தங்கச்சி செல்விக்கு வாய்த்த மனுசரே, எனக்கு வாய்த்த வழித்துணையே, என் ஆசை மாப்பிள்ளைக்கு,

வேலம்பாளையத்தில் நம் வீதி முக்கில் இருந்த டீக்கடையை எடுத்துவிட்டார்கள். "டீ கேட்டா சுடுதண்ணி குடுக்கறீங்களேங்க" என்று தினமும் அந்தக் கடைக்காரரை வம்பிழுப்பீர்களே, அவர் இப்போது நம் பனியன் கம்பெனி வாசலில் வாட்ச்மேன். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார். எனக்கு எதற்கு அந்த மரியாதை? உங்களுக்கு வைத்திருந்ததை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் என் தலையில் இறக்குகிறார் போல.

செல்வி பேக்கிங்கில்தான் இருக்கிறாள். அவளைப் பற்றிய சேதி ஒன்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் எனக்கு நேராக ஒரு சேதி சொல்லத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். பழனிக்குப் போகிற வழியில் நான் ஒரு கதையை ஆரம்பித்தால் தாராபுரம் தாண்டியும் முடிக்கமாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பீர்கள். அதனால் முதலிலிருந்தே வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியட்டும். தெரியக்கூடாதென்று நினைக்கிறவர்கள் இருக்கிற ஊர் இது.

போன வருசம் ஒரு நாள் சின்ன முதலாளி கேன்டீனுக்கே வந்தார். மலையேறுகிறவர்கள் உள்ளே போடுகிற பனியனுக்கு வெளிநாட்டு ஆர்டர் பிடித்திருந்தார். பருத்தி இல்லை, வேறு நூல். வேர்வையைப் பிடித்து வைக்காது, சட்டென்று காயும் என்றார். தைத்தவர்களே அதைப் போட்டுக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும், அதைப் படம் பிடித்து விளம்பரமாகப் போட வேண்டும் என்பது ஆர்டர் கொடுத்தவர்கள் ஆசை. இமயமலைக்கு அந்தப் பக்கம் லடாக்கில் வாரக்கணக்கில் நடக்கணும் என்றார்.

"வருசா வருசம் பழனிக்கு நடக்கறவங்க யாருங்க இருக்கீங்க?"

கட்டிங் மாஸ்டர் நீங்கள் கையைத் தூக்கினீர்கள். தூக்கினதோடு விட்டீர்களா? பக்கத்தில் இருந்த அயர்ன்காரன் என் கையையும் பிடித்துத் தூக்கினீர்கள்.

"அப்புறமென்னங்க, பழனிக்கு நடக்கறவங்களுக்கு இதெல்லாம் ஒரு நடையாங்க?" என்றார் அவர்.

ஒரு நடையாமே! பழனி வழியில் மைலுக்கு ஒரு பந்தல். வேண்டாம் வேண்டாம் என்றாலும் மோரைக் கையில் திணிப்பார்கள். அங்கே ஒரு மரம் கிடையாது மாப்பிள்ளை. மலை இருக்கிறது, மலைமேல் ஒரு புல் இல்லை. கீழே மணல், மேலே பனி, நடுவில் நாம் ரெண்டு பேர். "மச்சான், இந்த ஊருக்கு சாமி இன்னும் சாயம் போடலீங்க, கோரா துணியாவே உட்டுட்டாரு" என்றீர்கள். சாயப்பட்டறையைப் பார்த்த கண்ணுக்கு வேறு எப்படித் தெரியும்?

காலையில் எழுந்தால் பாட்டிலில் தண்ணீர் கல்லாகி இருக்கும். அதை இடுப்பில் கட்டி உருக்கிக் குடித்தோம். முகம் கழுவுவது மறந்தே போச்சு. மூட்டையைக் குதிரைகள் சுமந்தன. கூட வந்த வழிகாட்டி டாஷி, ஒல்லிப்பிச்சான், நம்மை சாச்சா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவார். அவருக்குத் தமிழ் தெரியாது, நமக்கு இந்தி தெரியாது. ஆனால் சிரிப்பும் சோறும் இருந்தால் பாதிப் பேச்சு ஓடிவிடும். சோறுதான் வேகவில்லை. அந்த உயரத்தில் குக்கர் இல்லாமல் அரிசி வேகாதாம். பாதி வெந்ததைப் பருப்புப் பொடி போட்டு மென்றோம். "உங்க தங்கச்சி கல்யாணமான புதுசுல இப்படித்தானுங்க ஆக்குவா" என்றீர்கள். செல்வியிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. அவளும் இதைப் படிப்பாள், இன்றைக்குச் சொல்லிவிட்டேன் பாருங்கள்.

வெயில் தோலை உரிக்கும், நிழலில் ஒதுங்கினால் நடுங்கும். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். ஓடையில் ஷூவைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினால் கால் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டும். சாயங்காலம் கூடாரம் அடித்ததும் நீங்கள் செய்கிற முதல் வேலை குதிரையின் முதுகைத் துணியால் துடைப்பது. நமக்கு அது ஒரு வேலையா என்று கேட்டேன். "செமக்கறதும் ஒரு கட்டிங் மாஸ்டர் வேலைதானுங்க, யாரும் பாக்கமாட்டாங்க" என்றீர்கள்.

நம்மோடு நடக்க வேண்டிய மெர்ச்சண்டைசர் தம்பி, ஆர்டர் கொடுத்தவர்களோடு பேசி எழுதுகிறவர், இந்தி தெரிந்த ஒரே ஆள், முதல் ஏற்றத்திலேயே தலை வலிக்கிறதென்று ஜீப்பில் ஏறிக்கொண்டார். எங்கே ரோடு வருகிறதோ அங்கே காத்திருப்பார். நம்மை நிறுத்திப் படம் எடுப்பார். பனியன் எப்படி இருக்கிறதென்று போனில் எழுதிக்கொள்வார். திரும்ப ஜீப். அவரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் புதுப் பனியன் உங்களுக்கு அரித்தது. நாள் முழுக்கச் சொறிந்தீர்கள். மூட்டைத் துணிகளின் நாலாவது மடிப்பில் ஒளித்துக் கொண்டுவந்த பருத்திப் பனியனை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டு, அதற்கு மேல் கம்பெனிப் பனியனை மாட்டினீர்கள். மீந்த துணியில் நீங்களே வெட்டி, செல்வி மூட்டிய பனியன். "ஒடம்புக்குப் பருத்திதானுங்க மச்சான். பொறந்த கொழந்தைக்கு என்னத்தப் போடறோம்?" என்றீர்கள். தப்பா அது? திருப்பூரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். இந்த ஊரே அந்த நம்பிக்கையில்தானே சோறு தின்கிறது.

டாஷி பார்த்துவிட்டார். உங்கள் காலருக்குள் விரலை விட்டு அந்தப் பனியனை இழுத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. கையால் எறியச் சொன்னார்.

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "பாத்தீங்களா, நம்ம பனியனுக்கே குத்தம் சொல்றாரு!" நெஞ்சில் தட்டி "திருப்பூர், திருப்பூர்" என்று அவருக்குச் சொன்னீர்கள். அவர் சிரிக்கவில்லை. அடுத்து ரோடு வந்த இடத்தில், ஜீப்பில் இருந்த தம்பியிடம் போய் நெடுநேரம் பேசினார். உங்கள் பக்கம் கையைக் காட்டிக் காட்டிப் பேசினார். தம்பி தலையாட்டிப் போனில் எழுதிக்கொண்டார். நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. அங்கேதான் அந்தப் படத்தையும் எடுத்தார். நீங்கள் என் தோள்மேல் இடது கையைப் போட்டுச் சிரிக்கிற படம்.

மறுநாள் பெரிய ஏற்றம். வெயிலில் ஏறினோம், வேர்வையில் குளித்தோம். உச்சிக்குப் போனபோது வெயில் போய்க் காற்று வந்தது, பனித்தூறல் வந்தது. உங்களுக்குப் பல் தந்தியடித்தது. அப்புறம் நடுக்கம் நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். "மச்சான், வேகுதுங்க" என்று ஜாக்கெட்டைத் திறந்தீர்கள். அந்தக் குளிரில் வேகுதுங்க என்றால் குளிர் உயிரைப் பிடித்துவிட்டது என்று அர்த்தமாம், அதை எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? டாஷி ஓடி வந்து கத்தியால் அந்தப் பருத்திப் பனியனைக் கிழித்து வீசினார். அது தரையில் சொத்தென்று விழுந்தது, துவைத்துப் பிழியாமல் போட்ட துணி மாதிரி. காய்ந்த கம்பளி போர்த்தி நானும் அவரும் உங்களை ரெண்டு பக்கமும் கட்டிக்கொண்டோம். நீங்கள் தூங்கினீர்கள். தூங்க விடக்கூடாதென்று அவர் உங்கள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். நீங்கள் முன்னே போய்விட்டீர்கள்.

பருத்தி நனைந்தால் காயாதாம். உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடுமாம். மலைக்காரர்கள் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியுமாம்.

திரும்பி வந்து அந்தத் தம்பியைக் கேட்டேன். "டாஷி உங்ககிட்ட என்னங்க சொன்னாரு?"

"காட்டன் வேண்டாம், காட்டன் இங்க ஆகாதுன்னாருங்க. நம்ம தொழில்ல காட்டன் வேண்டாம்னா வேற என்னங்க? குவாலிட்டி கமென்டுன்னு நெனச்சு மெயில்ல போட்டுட்டேன்."

மெயிலில் போட்டுவிட்டாராம். கடல் தாண்டி இருக்கிறவர்களுக்குப் போன சேதி, பத்தடியில் நின்ற உங்களுக்கு வரவில்லை. அவருக்கு இப்போது பதவி உயர்ந்திருக்கிறது. நான் வேறு என்ன சொல்ல?

கம்பெனியில் உங்களுக்கு ஒரு நிமிடம் நின்றார்கள். "சொன்ன டிரெஸ்ஸப் போடல, அதான்" என்ற பேச்சு மட்டும் லைன் லைனாகப் போனது. சொன்னவர் யார், சொல்லாதவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. நானோ கம்பெனிப் பனியனை மட்டும் போட்டுக்கொண்டு உயிரோடு வந்தவன். அவர்களுக்கு அதைவிட நல்ல விளம்பரம் உண்டா?

அப்புறம் ஆர்டர் ஓடியது. பனியனில் கட்டித் தொங்கவிடுகிற டேக் வந்து இறங்கியது. அதில் என் படம். பின்னால் மலை. நான் மட்டும் சிரிக்கிறேன். உங்களை வெட்டிவிட்டார்கள் மாப்பிள்ளை. சரியாக வெட்டக்கூடத் தெரியவில்லை. என் தோள்மேல் உங்கள் கை மட்டும் மிச்சம் இருக்கிறது.

அந்த டேக்கைக் கோக்கிற வேலை யாருக்கு? செல்விக்கு. மோதிர விரலில் நுனி இல்லாத கை. கட்டிங் மிஷின் கொண்டுபோன நுனி. அந்தக் கையைத் தெரியாதா அவளுக்கு? ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தாள். "அண்ணா, இது அவிய கை" என்றாள். அவ்வளவுதான். சாயங்காலம்வரை அதையே கோத்துக்கொண்டு இருந்தாள்.

நான் சின்ன முதலாளியிடம் போனேன். "டிசைன்காரங்க பண்ணுனதுங்க. செத்தவங்க படத்தப் போட்டா நெகட்டிவ்வா ஆயிருமுங்க" என்றார். கையை மட்டும் போட்டால் ஆகாதா என்று கேட்டேன். "கையா? எங்கீங்க?" என்று உற்றுப் பார்த்தார். நிசமாகவே அவர் அதுவரை பார்க்கவில்லை. அதற்கு நான் கோபப்படவா, அழவா?

இனிமேல்தான் சேதி.

இந்த வருசமும் நடக்க ரெண்டு பேரை அனுப்பினார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து நம் லைனில் தைக்கிற அந்தோணி ஒருவர், பீகார்க்காரர் ஒருவர். என்னையும் கேட்டார்கள், நான் போகவில்லை. பருத்தியைப் போடாதீர்கள் என்று ரெண்டு பேரிடமும் சொன்னேன். அந்தோணி, "சரிண்ணே, சரிண்ணே" என்றார். நீங்கள் சிரித்த அதே சிரிப்பு அது.

நல்ல நேரம் பார்த்துக் கம்பெனி வேன் வாசலில் நின்றது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கற்பூரம், எல்லாம் உண்டு. சூப்பர்வைசர் அம்மா பேக்கிங்குக்கு வந்து, "செல்வி, வண்டி போற வரைக்கும் வெளியே வராத கண்ணு, தப்பா எடுத்துக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். புருசன் இல்லாதவள் புறப்படுகிற வண்டிக்கு எதிரே வரக்கூடாது. இதை யாரும் கெட்ட மனசில் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கசக்கிறது. உங்கள் கையை வைத்துப் பனியன் விற்கலாம். உங்கள் சம்சாரம் வாசலுக்கு வரக்கூடாது.

வேன் ஸ்டார்ட் ஆனது. செல்வி வந்தாள். பெட்டிகளுக்கு நடுவே நேராக நடந்து வந்து வேனுக்கு முன்னால் நின்றாள். எலுமிச்சம்பழம் அவள் காலடியில் இருந்தது.

"அக்கா, நேரம் பாத்துக் கெளப்பறமுங்க, உள்ள போங்க" என்றார் சின்ன முதலாளி.

"போன தடவையும் நேரம் பாத்துத்தானுங்க கெளப்புனீங்க" என்றாள்.

வேனின் கதவைத் திறந்தாள். பீகார்க்காரர் காலருக்குள் விரலை விட்டுப் பார்த்தாள், டாஷி பார்த்தார் என்று நான் அவளிடம் சொல்லியிருந்தேனே, அதே மாதிரி. அப்புறம் அந்தோணி காலர். இழுத்தாள். உள்ளே வெள்ளைப் பருத்தி.

"யக்கா, என்னக்கா பண்ணுதிய, எல்லாரும் பாக்காவ! அந்தத் துணி அரிக்குக்கா."

"அரிக்கட்டும். சொறிஞ்சுட்டே ஊடு வந்து சேரு. கழட்டு."

அவ்வளவு பேர் முன்னால் அந்தோணி கழற்றினார். பையிலிருந்த இன்னொன்றையும் வாங்கிக்கொண்டாள். ரெண்டையும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்று, "இப்பப் போங்க" என்றாள். வேன் போனது. சகுனம் கெட்டுப் போச்சு என்று முணுமுணுத்தார்கள். மெர்ச்சண்டைசர் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரெண்டு பேரும் போன வாரம் திரும்பி வந்துவிட்டார்கள். அந்தோணிக்கு உடம்பெல்லாம் தடிப்பு. நேராகப் பேக்கிங்குக்கு வந்து, "யக்கா, என் பனியனக் குடுங்க" என்று கை நீட்டினார். செல்வி துவைத்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள். ஒருத்தர் திரும்பி வந்தால் அழுகை வருமா? அவளுக்கு வந்தது. நீங்கள் எதற்கென்று கேட்காமலே தெரிந்துகொள்வீர்கள்.

டேக்கை மாற்றவில்லை. மாற்றவும் மாட்டார்கள். எந்த ஊரிலோ யாரோ அதைப் பிய்த்துக் குப்பையில் போடுகிறார்கள், உங்கள் கையும் சேர்ந்து போகிறது. இதை மன்னிக்கச் சொல்லி என்னிடம் யாரும் வர வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன் மாப்பிள்ளை. அந்த வாசலிலிருந்து மலைக்கு எந்த வண்டி புறப்பட்டாலும் செல்விதான் முதலில் எதிரே வருவாள். அவளைக் கூட்டிக்கொண்டு நான் முன்னால் வருவேன். தடுக்கிறவர்கள் என்னைத் தாண்டித்தான் தடுக்க வேண்டும். இந்தத் தையில் பழனிக்கும் அவளோடுதான் நடக்கிறேன். உங்கள் கை இருந்த தோளில் வேறு மூட்டை ஏற்றமாட்டேன், இன்னொரு தோள் போதும்.

நீங்கள் விட்டுப்போன வழியில் உங்கள் சம்சாரத்தோடு நடக்கிற,
உங்கள் மச்சான்,
வேலுச்சாமி