பிரேக் பிடிக்காத செல்கள்

நாள் 61, 09:10
கயல் நிலையம், நிலவுச் சுற்றுப்பாதை. பதிவு: இசக்கியம்மாள், ஆய்வக உதவியாளர். இங்கே இருவர்தான்: நானும் மருத்துவர் ஜெரோம் அண்ணனும். இன்னும் ஆறு பேர் கப்பலில் இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள். விண்வெளியில் நம் நோயெதிர்ப்புப் படையான டி-செல்கள் மந்தமாகிவிடுகின்றன. அவற்றின் மேற்பரப்பில் பிரேக் போன்ற ஓர் ஏற்பி உண்டு. சொந்த உடம்பைத் தாக்கவிடாமல் நிறுத்துவது அதுதான். அந்தப் பிரேக்கைத் தளர்த்தும் ஊசியை அண்ணன் இன்று போட்டுக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் வேண்டும் என்பதால் எனக்கு இல்லை. காய்ச்சல் இல்லை. நன்றாகச் சாப்பிட்டார்.

நாள் 64, 11:30
அண்ணனின் டி-செல்களை, அவர் திசுவிலிருந்து வளர்த்த இதயச் செல்களோடு வைத்துப் பார்த்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு விலக வேண்டும். நாற்பதில் ஒன்பது விலகவில்லை.

நாள் 64, 15:00
பூமியின் கட்டுப்பாட்டு மையத்தோடு கூட்டம். இயக்குநர் விசாலம் மேடம்: "அருமையான ரிசல்ட். கப்பல்ல வர்ற ஆறு பேருக்கும் நாளைக்கே ரெண்டு மடங்கா போட்டுடலாம். யாருக்காவது சந்தேகம் இருக்கா?"
அண்ணன் உற்சாகமாகத் தலையாட்டினார். மைக் பொத்தானில் விரல் வைத்தேன். பெரியவர்கள் என் பெயர் சொல்லிக் கேட்காமல் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. ஒன்பது செல்கள்தானே. ஸ்லைடு வைத்ததில் என் கை பிசகியிருக்கலாம்.
"சரி, அப்ப எல்லாருக்கும் சம்மதம்."
அறிக்கையின் பின்னிணைப்பில் எழுதிவிட்டேன். படிப்பார்கள்.

நாள் 66, 08:20
அண்ணனுக்கு நெஞ்சு வலி, மூச்சு வாங்குகிறது. மறுபடி ஸ்லைடு பார்த்தேன்: நாற்பதில் முப்பத்தொன்று விலகவில்லை.
மருத்துவ அறையிலிருந்து இன்டர்காமில்: "ஏட்டி இசக்கி, என் படையே என்னைப் போட்டு அடிக்குல்லா? உனக்கு முன்னமே தெரியுமோ?"
தெரியும் என்றேன்.
"சொல்லிருக்கலாம்லா. நான் என்ன உன்னய கடிச்சா தின்னுருவேன்?"
சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. டி-செல்களை அடக்க, இருந்த ஸ்டீராய்டு முழுவதையும் ஏற்றினேன்.

நாள் 67, 13:05
துடிப்பு நின்றது. நாற்பது நிமிடம் அழுத்தினேன்.

13:50
கட்டுப்பாட்டு மையத்துக்கு: "மேடம், இசக்கி பேசுதேன். கப்பல்ல யாருக்கும் ஊசி போட்டுறாதீங்க. நிறுத்துங்க மேடம்."
நானாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

13:54
"முந்தாநாளே போட்டாச்சேம்மா. நீ ஒண்ணும் சொல்லலையே?"

நாள் 68, 17:15
கப்பலிலிருந்து: "கயல், இங்க மூணு பேருக்கு மூச்சு வாங்குது. ஸ்டீராய்டு இருக்கா உங்ககிட்ட? இருக்குன்னு சொல்லுங்க."
இல்லை என்றேன்.

நாள் 69, 10:42
கப்பல் தானியங்கியாக வந்து இணைந்தது. அழுத்தம் சமம். பச்சை விளக்கு. அவர்கள் பக்கத் தாழ்ப்பாளை அவர்கள்தான் நீக்க வேண்டும்.

10:58
தட்டினேன்.

11:03
ஆறு பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன். உரக்க.

11:20
இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். தாழ்ப்பாள் நீங்கவில்லை.