நகத்தில் தட்டிய கோடு

ஜூலை 17, வியாழன்

சோப்புப் போட்டுத் தேய்த்தும் கையில் பாலிஷ் நாற்றம் போகவில்லை. ஏகாம்பரத்தின் இளிப்பும் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஒரு வாரமாக அந்தச் சின்ன விமானத்தின் பழைய பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தோம். இன்று பாலிஷ். ஜன்னலுக்குக் கீழே துடைக்கும்போது நகத்தில் ஒரு கோடு தட்டியது. கண்ணாடியை மறைக்க ஒட்டிய டேப்பை எவனோ தகட்டின் மேலேயே வைத்து பிளேடால் அறுத்திருக்கிறான். பிளேடு படக்கூடாது என்பது முதல் நாளே சொல்லித்தருவது. கீறல் விழுந்த இடத்தில்தான் பின்னால் விரிசல் விடும். மேலே பறக்கும்போது விட்டால்?

சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டு, சூப்பர்வைசர் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கர்ச்சீப்பை எடுத்து வட்டத்தைத் துடைத்தார்.

"கண்ணுக்கே தெரியல. இதுக்குப் போய் வேலைய நிறுத்த சொல்றியா நைனா? இன்னொரு வாட்டி பாலிஷ் போடு, பூடும்."

"நகத்துல தட்டுது சார்."

"அப்ப நகத்த வெட்டு."

சொல்லிவிட்டு அதே பளபளப்பில் முகம் பார்த்து, இளித்தபடி மீசையை நீவிக்கொண்டார்.

அவர் போனதும் மறுபடி வட்டம் போட்டேன், இன்னும் பெரிதாக. காலைக்குள் அதையும் துடைத்திருப்பார். துடைக்கட்டும். இன்ஜினியர் வந்ததும் அவர் கையைப் பிடித்து அங்கே வைக்கப்போகிறேன்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி ஸ்டெல்லா நகவெட்டியை நீட்டினாள். "நகமெல்லாம் கருப்பாக் கீது. வெட்டிட்டு சாப்டக் கூடாதா?"

நாளைக்குக் கோட்டைத் தேட நகம் வேண்டும் என்றேன்.