கிற்றாரை உடைத்தவனின் சொத்துரிமை

இன்று காலை வேலைக்குப் போன இடத்தில், சீசா என்கிற பகுதியில் மாடிக் கட்டடம் ஒன்றின் படிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து மின்சாரக் கிற்றாரின் அலறல் கேட்டது. முன்பென்றால் தலையிடி என்று முணுமுணுத்திருப்பேன். இன்று மொப் தடியை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டு, இது வரிக்கு எதிரான பாட்டு என்று முடிவு செய்தேன். நீ கண்ணை மூடி ஒரு வருடமாகிறது, மச்சான். உன் பைத்தியம் மட்டும் என் தலைக்குள் வாடகையில்லாமல் குடியிருக்கிறது.

மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு மீன் உணவகத்தின் சமையலறையில் நீ தட்டுக் கழுவினாய். அங்கிருந்த ரேடியோ நாள் முழுக்க ஆங்கில ரொக் பாட்டுகளைப் போடும். மற்றவர்கள் தாளத்துக்குத் தலையாட்டினார்கள். நீ அவற்றுக்குள் பழமைவாதிகளின் கொள்கை தேடினாய். நெடுஞ்சாலையில் தனியாகக் கார் ஓட்டுகிற பாடகன் அரசாங்க பஸ்ஸை நம்பாதவன். என்னைச் சும்மா விடுங்கள் என்று கத்துகிறவன் வரி கட்டிக் களைத்தவன். காதலி போய்விட்டாள் என்று அழுகிறவனோ, குடும்பம் சிதையக்கூடாது என்று நாட்டுக்கே புத்தி சொல்கிறான்.

மேடையில் கிற்றாரை அடித்து உடைக்கிறவனும் ஒழுங்கான ஆளா என்று ஒருநாள் உன்னை மடக்கப் பார்த்தேன்.

"அது அவன்ரை சொந்தக் கிற்றார், மச்சான். அடுத்தவன்ரையையோ உடைச்சவன்? தன்ரை சொத்தைத் தான் என்னவும் செய்யலாம் எண்டு காட்டுறான்."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் மகிழ்ச்சியாக இருந்தது. நம் இருவரில் உண்மையான பழமைவாதி நான்தானே. பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் வரிசையில் நிற்கும்போது யாராவது இடையில் புகுந்தால், காவலர் வாய் திறக்குமுன் நான் சத்தம் போடுவேன்.

என் மகள் பள்ளிக்கூட ரொக் குழுவில் பாடப்போகிறேன் என்று வந்து நின்றபோது அவளுக்குப் பதினாறு வயது. முடியாது என்றேன். இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என் மனைவி சமைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ ஒரேத்தோவில் இருந்த உன் அறையிலிருந்து பஸ் ஏறி வந்தாய். மகளின் போனை வாங்கி, அவள் பாடவிருந்த ஆங்கிலப் பாட்டைக் கண்ணை மூடி மூன்று முறை கேட்டாய். பிறகு நிதானமாக எனக்கு விளக்கினாய். ஒரு மனிதன் வீட்டைப் பற்றிப் பாடுகிறானாம். பெரிய வீடு, உழைத்துக் கட்டியது, அதன் அருமையை ஊருக்குச் சொல்கிறானாம். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நீ பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். இதைவிட நல்ல பாட்டை அவள் எங்கே போய்ப் பாடப்போகிறாள் என்று கேட்டாய். நான் சம்மதித்தேன்.

பள்ளிக்கூட விழாவில் அவள் பாடினாள். என் வீட்டுக்குள் இவ்வளவு பெரிய குரல் இருந்தது எனக்குத் தெரியாது. பாட்டு முடிந்து மண்டபமே எழுந்து நின்றது. நான் பெருமையோடு அவளுடைய ஆசிரியையிடம் போய், வீட்டின் அருமை சொல்லும் பாட்டைத் தெரிவு செய்ததற்கு எனக்குத் தெரிந்த இத்தாலியனில் நன்றி சொன்னேன். அவர் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னார்: அது முதலாளிமாரின் வீடுகளைக் கொளுத்தச் சொல்கிற பாட்டு.

நான் பின்வரிசையில் இருந்த உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ கடலை கொறித்துக்கொண்டிருந்தாய்.

"வீடு எண்டு ஒண்டு இருந்தாத்தானே கொளுத்தலாம்," என்றாய். "அதைத்தானே நானும் சொன்னனான்."

இரண்டு மாதம் உன்னோடு கதைக்கவில்லை. ஆனால் அவளை நிறுத்தவும் இல்லை. அந்தக் குரலைக் கேட்ட பிறகு எப்படி நிறுத்துவது?

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே இருந்த ஒரு பின்னேரம், உனக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்று கேட்டேன்.

"எனக்கு இங்கிலீசு எங்கை தெரியும்?"

எனக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. தட்டுக் கழுவுகிற அலுப்புத் தீரத்தான் பாட்டுகளுக்கு இப்படி விளக்கம் சொல்லத் தொடங்கினாயாம். அதைக் கேட்டு நான் சந்தோசப்படுவதைக் கண்டு தொடர்ந்தாயாம். மகளின் பாட்டுக்கும் அதே வழிதான். எனக்குப் பிடித்த மாதிரிச் சொன்னால்தான் நான் விடுவேன் என்று உனக்குத் தெரியும். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "சத்தம் போடுற பிள்ளை வீட்டிலை இருக்கிறது நல்லதடா," என்றாய். வன்னியிலிருந்து நீ தனியாக வந்தவன். அதற்கு முன் உன் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. அன்றும் நான் கேட்கவில்லை. உன் போர்வையை இழுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

மகள் இப்போது பொலோனியாவில் படிக்கிறாள். போன மாதம் போனெடுத்து, கூடப் படிக்கிற ஓர் இத்தாலியப் பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் விழுங்கக்கூடிய மாதிரி இதை மாற்றிச் சொல்ல நீ இல்லை. நானேதான் தேட வேண்டியிருந்தது. வெகுநேரம் யோசித்து, அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே சாப்பிடுவான் என்று கேட்டேன். தாயின் வீட்டில் என்றாள்.

"ஒழுங்கான குடும்பம் போலை," என்றேன். "கூட்டிக்கொண்டு வா."