பற்றரி வைத்த காரணம்

மச்சான்,

காசு போட்டு விளையாடும் பழைய ஆர்கேட் இயந்திரம் ஒன்றை மகன் இன்று சந்தையில் வாங்கி வந்தான். மின்சாரம் கொடுத்ததும் சூடேறிய தூசி மணம் வந்தது; திரையில் வெறும் பச்சை. பற்றரி செத்திருக்கும் என்று திறந்து பார்க்காமலே சொன்னேன். உடனே உன் நினைவு.

டென்மார்க்குக்கு வந்த புதிதில், ஹொல்ஸ்டெப்ரோவில் அந்த இயந்திரங்களைத் திருத்தும் பட்டறையில்தானே இருவரும் கிடந்தோம். திருத்தினால் மட்டும் உனக்குப் போதாது, ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரியவேண்டும். செய்தவன் ஏன் இந்தப் புரொசெசரை எடுத்தான்? மலிவு, எங்கும் கிடைக்கும், அதற்கு எழுதத் தெரிந்தவர்களும் அதிகம். சத்தத்துக்கு ஏன் தனிச் சிப்? சத்தம் போடப்போய்ப் படம் தடுமாறக் கூடாது. "சும்மா ஒரு சாமானும் வைக்கமாட்டாங்கள்" என்பாய்.

பற்றரியின் காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் உனக்கு நாளெடுத்தது. விளையாட்டைத் திறக்கும் இரகசிய எண்களைச் சிப்பில் அழியாமல் காப்பது அதுதான். கள்ளப் பிரதி எடுப்பவனைத் தடுக்கச் செய்த வேலை. பற்றரி தீர்ந்தால் எண்கள் அழியும், இயந்திரமும் முடிந்தது. "சாகட்டுமெண்டுதான் வச்சிருக்கிறாங்கள்" என்று சிரித்தாய்.

அப்போது உன் மனைவியும் குழந்தையும் யாழ்ப்பாணத்தில். அவர்களை அழைக்க நீ கொடுத்த விண்ணப்பம் இரண்டு வருடமாக அசையவில்லை. ஒருநாள் தேநீர் குடிக்கும்போது கேட்டாய்: "ஏஜென்சிக்குக் காசு கட்டிக் கள்ள வழியால கூப்பிடட்டோ? இனிப் பொறுக்கேலாது."

நான் எல்லாம் தெரிந்தவன் மாதிரிச் சொன்னேன்: "இது டென்மார்க், மச்சான். பிந்துறதெண்டால் ஏதோ காரணம் இருக்கும். கொஞ்சம் பொறு."

பொறுத்தாய். அடுத்த மாதம் ஷெல் விழுந்து அவள் செத்துப்போனாள். அனுமதி பிறகு வந்தது. குழந்தை மட்டும் வந்தாள்.

குடும்பத்தை அழைக்கத் தமிழர் கொடுத்த விண்ணப்பங்களை அமைச்சரின் உத்தரவில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்று விசாரணையில் வெளிவந்த செய்தியைப் பட்டறை ரேடியோவில்தான் கேட்டோம். நீ ஏதோ திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தாய். "காரணம் இருந்திருக்கு" என்றாய். என்னை நாலு வார்த்தை ஏசியிருக்கலாம், மச்சான். அதற்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் தெரியுமா? கடைசிவரை ஏசாமலே போய்விட்டாய்.

உன்னை அடக்கம் செய்து மூன்று மாதமாகிறது. போன ஞாயிறு உன் மகள் ஓல்போர்க்கிலிருந்து வந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று டேனிஷில் கேட்டாள்: "மாமா, அப்பா ஏன் அம்மாவை வேறு வழியில் கூப்பிடவில்லை?"

அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

"அப்ப வேற வழி இருக்கேல்லைப் பிள்ளை" என்றேன்.

உன்னைப் போலவே அவளும் என் சொல்லை நம்பிவிட்டாள்.