பட்டாணி சூப் வைத்தவள்

அன்பு மகனுக்கு,

அந்தப் பெண்ணையும் கூட்டி வருகிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததுமே உன் பெண்டாட்டி பெட்டி கட்டிவிட்டாள். நான் அன்றைக்குத்தான் தொண்டை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தேன். என் முகத்தைப் பார்த்தவள் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

உடைத்த பட்டாணியோடு ஹாம் என்கிற உப்பிட்ட பன்றித்தொடையின் எலும்பைப் போட்டு, கூழாகக் கரையும்வரை பக்கத்திலேயே நின்று கிண்டினாள். எலும்பில் ஒட்டியிருந்த கறியைப் பிய்த்து, எனக்காகப் பஞ்சாக மசித்துப் போட்டாள். என்ன கைப்பக்குவம்டா அவளுக்கு! தண்ணீரே இறங்காத தொண்டையில் ஒரு கிண்ணம் சூப் இறங்கிவிட்டது.

"உப்பு போதுமா அத்தை?" என்றாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

"நீ எங்கேயும் போகாதேம்மா" என்றேன். அழுதாள், அப்புறம் பெட்டியைப் பிரித்தாள்.

இனி இது அவள் வீடு. வருவதானால் அவளைக் கேட்டுவிட்டு வா.

அம்மா