ஸ்டோர் வளைவில் ஒரு நடைபாதை

அக்கா,

இன்று காலை முதல் ட்ரிப்பில் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது ஸ்டோர் வளைவுக்குச் சற்று முன்னால் சிவப்புக் கொடி காட்டி பஸ்ஸை நிறுத்தினார்கள். பிரதேச சபை ஊழியர்கள் மூன்று பேர், மங்கிப்போன பாதசாரிக் கடவைக் கோடுகளுக்கு மறுபடியும் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயின்ட் வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து நிறைந்தது. பின் சீட்டில் யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தார்கள். நான் இன்ஜினை அணைத்துவிட்டு அந்த வாசத்தை முகர்ந்தபடி உட்கார்ந்திருந்தேன். நீங்கள் போனபிறகு வரும் இரண்டாவது மழைக்காலம் இது. உங்களிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நமக்குப் பழக்கம் ஏற்பட்ட விதத்தை நான் யாரிடமும் எளிதாகச் சொன்னதில்லை. நான் ஓட்டிவந்த பஸ் உங்களை மோதியது. அதற்கு முன் நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது.

இரத்தோட்டையில் பிரதான வீதியை விட்டுப் பிரிந்து தோட்டங்களுக்கு ஏறும் பாதை அது. ஸ்டோர் என்று சொல்லும் பழைய தேயிலைத் தொழிற்சாலையின் சுவர்கள் மட்டும் மிஞ்சி நிற்கும் அந்த இடத்தில் பாதை சட்டென்று மடங்கும். ஒரு பக்கம் மானாப் புல் மண்டிய மண்மேடு, மறுபக்கம் மழைத்தண்ணீர் ஓடும், மூடி இல்லாத கான். இரண்டுக்கும் நடுவில் ஒரு பஸ் போனால் ஆள் நிற்க அடி வைக்கும் அகலம்கூட மிச்சமிருக்காது. அன்று மாலை தூறிக்கொண்டிருந்தது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நீங்கள் தோட்டத்து லயக் குடியிருப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தீர்கள். நான் வளைந்தேன். அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு பஸ்ஸுக்குள் எழுந்த கூச்சலும், கீழே இறங்கி நான் பார்த்த உங்கள் இடது காலும்.

அதே பஸ்ஸில்தான் உங்களை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் நீங்கள் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினீர்கள். "சாக்கு ரோட்டுல கெடக்கு. யாராச்சும் எடுத்து வைங்க."

மறுநாள் வார்டுக்கு பொலிஸ்காரர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரு நர்ஸ் நீங்கள் சொன்னதைச் சிங்களத்தில் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். நான் கதவருகே நின்றிருந்தேன். "பஸ்ஸு மெதுவாத்தான் வந்துச்சு. எனக்குத்தான் ஒதுங்க எடம் இல்ல," என்று நீங்கள் சொன்னது காதில் விழுந்தது.

மெதுவாக வரவில்லை என்பது எனக்குத் தெரியும். பின்னால் இன்னொரு பஸ் வந்துகொண்டிருந்தது. சந்தியில் நிற்கும் சனத்தை அவனுக்கு முன் ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் அந்த வளைவை எடுத்தேன். கதவருகே நின்ற நான் வாய் திறக்கவில்லை. உங்கள் வாக்குமூலத்தால் என் லைசென்ஸ் தப்பியது. அதன் பிறகு இரண்டு முறை தோடம்பழம் வாங்கிக்கொண்டு உங்களைப் பார்க்க வந்தேன். இரண்டு முறையும் கட்டில் காலைப் பார்த்துத்தான் பேசினேன்.

ஐந்து மாதம் கழித்து, இரத்தோட்டை பஸ் ஸ்டாண்டில் என் பஸ்ஸின் முன்னால் நீங்கள் வந்து நின்றீர்கள். கையில் ஒரு தடி. காலுக்குள் கம்பி வைத்திருந்தார்கள். இனி மலையில் ஏறிக் கொழுந்து பறிக்க முடியாது என்பதால், பிள்ளைக் காம்பராவில் தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்க்கும் வேலையைத் தோட்டத்தில் கொடுத்திருந்தார்கள். திட்டப்போகிறீர்கள் என்று நினைத்துக் கீழே இறங்கினேன்.

"டிரைவர் தம்பி, ஒங்களுக்குச் சிங்களம் எழுத வருமா?"

"வரும்க்கா."

"அப்ப ஞாயித்துக்கெழம லயத்துக்கு வாங்க. எங்க சங்கத்துக் கூட்டம் இருக்கு."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

உங்கள் லயத்தில் அப்போது பதிவு செய்யப்பட்ட சங்கம் ஒன்றே ஒன்றுதான், மரண உதவிச் சங்கம். சாவு வீட்டுக்குப் பெட்டியும் பந்தலும் சாப்பாடும் ஏற்பாடு செய்வதுதான் அதன் வேலை. பிரதேச சபை அந்த ஆண்டு பதிவுள்ள சங்கங்களுக்கு உதவி ஒதுக்கியிருந்தது. என்ன வேண்டும் என்று விண்ணப்பிக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலியும் கூடாரமும் கேட்பது என்று எல்லோரும் முன்பே முடிவுசெய்துவிட்டார்கள். நீங்கள் தடியை ஊன்றி எழுந்தீர்கள்.

"என் காம்பராவுல பதினொரு புள்ளைங்க இருக்குதுங்க. தையில அதுல நாலு பேரு ஸ்கூலுக்குப் போவுது. ஸ்டோரு வளைவத் தாண்டித்தான் போவணும். ஒரு நடபாத கேப்போம்."

"ரோடு போடுறது சபையோட வேல. அத நம்ம சங்கம் எதுக்குக் கேக்கணும்?" என்றார் தலைவர்.

"ஆளு செத்தப்பறம்தான் இந்தச் சங்கம் ஓடி வருது. ஒரு தடவ சாகுறதுக்கு முன்னுக்கு வந்து பாப்பமே," என்றீர்கள்.

ஆனால் கை தூக்கச் சொன்னபோது நாற்காலிதான் வென்றது. அந்த விண்ணப்பத்தை நான்தான் சிங்களத்தில் எழுதினேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலிகள் லொறியில் வந்திறங்கிய அன்று, நொண்டிக்கொண்டே போய் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினீர்கள். அடுக்கி முடித்துவிட்டு என்னிடம் வந்து, "இனி அடுத்த வருசம் கேக்க ஒண்ணும் மிச்சமில்ல அவங்களுக்கு," என்று சிரித்தீர்கள்.

அடுத்த வருடம் ஒருவர்கூட மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்பம் திரும்பி வந்தது. அது தோட்டப் பாதை, சபையின் பொறுப்பில் இல்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார்கள். எனக்குக் கை ஓய்ந்துபோயிற்று. நீங்கள் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைக்கச் சொல்லிவிட்டு, "வாங்க, நேர்ல போய்க் கேப்போம்," என்றீர்கள். என் லீவு நாளில் சபைக்குப் போனோம். மூன்று முறை போனோம். மூன்றாம் முறை, விஷயத்துக்குப் பொறுப்பான எழுதுவினைஞர் பெண் நம்மை உட்காரவைத்துப் பழைய கோப்பு ஒன்றை எடுத்துப் புரட்டினார். அந்தப் பாதையைச் சபை பொறுப்பேற்றுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மேசையில் இருந்தவர்களுக்கே அது தெரியாமல் இருந்தது. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டார். "பரவால்ல மிஸ். இப்ப தெரிஞ்சிருச்சில்ல," என்று நீங்கள் உங்களுக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னீர்கள்.

பிறகு இடத்தைப் பார்க்க சபையின் தொழில்நுட்ப அதிகாரி வந்தார். டீ.ஓ. மாத்தயா என்று எல்லோரும் அழைக்கும் சிங்களவர், நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். ஜீப்பிலிருந்து இறங்கிப் பாதையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஓர் எச்சரிக்கைப் பலகை வைத்தால் போதும், நடைபாதைக்கு இடமும் இல்லை, ஒதுக்கீடும் போதாது என்றார். நீங்கள் என்னைப் பார்த்து, "தம்பி, இவர பஸ்ஸுல ஏத்திட்டு வாங்க," என்றீர்கள்.

அவரை என் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து மேலே போய்த் திருப்பிக்கொண்டு இறங்கினேன். வழக்கமாகப் போகும் வேகத்தில்தான். மண்மேடு தாண்டி வளைந்ததும், பஸ்ஸின் மூக்குக்கு நேரே தடியுடன் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். நீங்கள் அங்கே நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. பிரேக்கில் ஏறி நின்றேன். உங்களிடமிருந்து இரண்டு முழம் தள்ளி பஸ் நின்றது. டீ.ஓ. மாத்தயா முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பிறகு இறங்கிப் போய், டேப்பை எடுத்துக் கானின் அகலத்தை அளக்கத் தொடங்கினார்.

அன்று நான் உங்களிடம் கோபித்துக்கொண்டேன். "நீங்க நிறுத்துவீங்கன்னு தெரியும்," என்று மட்டும் சொன்னீர்கள்.

கானின் மேல் கொங்கிரீட் பலகைகள் போட்டு மூடினால் அதுவே நடைபாதையாகிவிடும் என்பது டீ.ஓ. மாத்தயாவின் யோசனை. சாமான்களுக்குச் சபை பணம் தரும், வேலையைச் சங்கமே செய்து முடிக்க வேண்டும். இடைஞ்சலாக இருந்தது ஒன்றுதான். வளைவின் முனையில் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரியின் முன்பக்கத் தகரமும் படிக்கட்டும் கானின் மேல்தான் நின்றன. அவரிடம் எப்படிக் கேட்பது என்று தலைவர் தயங்கினார். நீங்கள் போய் அவருடைய மிளகாய்ச் சாக்கின் மேலேயே உட்கார்ந்து கால் வலி என்று கொஞ்சம் தண்ணீர் கேட்டீர்கள். தண்ணீர் கொடுத்துவிட்டு அவரே ஆரம்பித்தார். "எதுக்கு வந்தீங்கன்னு தெரியும் தங்கச்சி. தகரத்தக் கழட்டுறேன். மழ வந்தா சாக்க உள்ளுக்கு இழுத்துக்கிறேன். அன்னைக்கு ஒங்க சத்தம் கேட்டு மொதல்ல ஓடி வந்தவன் நான்தானே."

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. லயத்து ஆட்கள் மணல் சுமந்தார்கள், கம்பி கட்டினார்கள். நான் ட்ரிப் இல்லாத நாட்களில் போனேன். மூன்றாவது ஞாயிறு, பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் மேலே போனபிறகு நீங்களும் நானும் மணல் குவியலில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு வருடத்துக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு நான் மெதுவா வரல."

நீங்கள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தீர்கள். "தெரியும். டயருக்குக் கீழ கெடந்தவளுக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் பொலிஸ்ல அப்பிடிச் சொன்னீங்க?"

"ஒங்க லைசென்ஸப் புடுங்கிட்டா என் காலு வந்துருமா? இன்னொருத்தன் அதே பஸ்ஸ அதே வளைவுல ஓட்டிக்கிட்டு வருவான். அவனுக்கு இந்த எடம் மறந்து போயிரும். ஒங்களுக்கு மறக்காதுன்னு நெனச்சேன்." கோப்பையை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டு சொன்னீர்கள். "கோவம் இல்லன்னு சொல்லல. ராவுல காலு வலிக்கிறப்ப ஒங்கள ஏசியிருக்கேன். நல்லா ஏசியிருக்கேன்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அன்று மாலைவரை நான் கலவை குழைத்ததுபோல வாழ்க்கையில் எந்த வேலையும் செய்ததில்லை.

நடைபாதை முடிந்து, வேகத்தடை போட்டு, கடவைக் கோடும் அடித்து, மண்மேட்டு முனையில் வட்டக் கண்ணாடி ஒன்றும் வைத்தார்கள். திறப்பு விழா என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று உங்கள் காம்பராப் பிள்ளைகள் நான்கு பேரும் வெள்ளை உடுப்பில் அந்தப் பலகைகளின் மேல் வரிசையாக நடந்து போனார்கள். நீங்கள் கடைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பஸ்ஸை நிறுத்தி அவர்கள் கடவையைத் தாண்டும்வரை காத்திருந்தேன். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. அடித்துக்கொண்டே இருக்கட்டும் என்று இருந்தேன்.

அதன் பிறகு உங்களைச் சீனி வியாதி வாட்டியது. காலில் வந்த புண் ஆறவில்லை. மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகும் நாட்களில் என் முன் சீட்டு உங்களுக்குத்தான். ஏறி உட்கார்ந்ததும், எந்த வளைவில் புல் வளர்ந்துவிட்டது, எங்கே கானில் மண் அடைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவீர்கள். இறங்கியதும் நான் அதைச் சபைக்கு எழுத வேண்டும். எனக்கு எழுத்து கைவந்ததே அப்படித்தான். ஒரு கிளினிக் நாளில் நீங்கள் வரவில்லை. உங்கள் மகள் பஸ்ஸை மறித்து நிறுத்திச் செய்தி சொன்னாள். சங்கம் கொடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்து எல்லோரும் உங்களைப் பற்றியே பேசினார்கள். மறுநாள் உங்களைத் தூக்கிக்கொண்டு ஊரே அந்தப் பலகைகளின் மேல் நடந்தது. பஸ்ஸும் வேன்களும் ஓரமாக நின்றன. ஒருவர்கூட அவசரப்படவில்லை.

இனி நான் சொல்ல வந்த செய்தி. பாதைப் பாதுகாப்பு வேலைகளைச் சங்கங்கள் மூலம் செய்வதற்கென்றே சபை இப்போது ஒவ்வோர் ஆண்டும் தனியாக ஒரு தொகை ஒதுக்குகிறது. கீழ்ப் பள்ளிக்கூடத்துச் சந்தியில் வேலை தொடங்கிவிட்டது. விண்ணப்பம் எழுதத் தெரியாத சங்கங்களுக்கு உதவச் சொல்லி அந்த எழுதுவினைஞர் பெண்ணே என்னிடம் ஆட்களை அனுப்புகிறார். நம்முடைய மரண உதவிச் சங்கத்தின் செயலாளர் இப்போது நான்தான்.

போன வாரம் எல்கடுவப் பக்கமிருந்து இரண்டு பெண்கள் தேடி வந்தார்கள். அவர்களுடைய சபை வேறு, வளைவு வேறு. லயத்துக்கு எதிரே ஒரு மாதத்துக்கு முன் ஒரு பிள்ளை மயிரிழையில் தப்பியிருக்கிறது. அவர்களுடைய கூட்டத்துக்குப் போனேன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் என் தப்பைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறேன். பஸ்காரன் ஒருவன் எதற்கு நடைபாதை கேட்டு அலைகிறான் என்ற கேள்விக்கு வேறு நேர்மையான பதில் என்னிடம் இல்லை. அன்றும் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்து படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, வந்த இருவரில் மூத்த பெண் மெதுவாகக் கேட்டார்.

"அந்த அக்கா ஒங்கள மன்னிச்சாங்களா?"

"நான் கேக்கல," என்றேன். "வேல குடுத்தாங்க."